கிணற்றில் கலந்த குரோமியம்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

பியூரெட்டில் ஆரஞ்சு நிறப் பொட்டாசியம் டைகுரோமேட்டு. கூம்புக் குடுவையில் அமிலம் சேர்த்த பெரஸ் சல்பேட்டு. துளித்துளியாக விட விடக் கரைசல் பச்சையாகும். பின்னர் ஒரே துளியில் நீலஊதாவாக மாறும். இந்தத் தரம்பார்த்தலைச் செய்யாத வேதியியல் மாணவர் நம் கல்லூரியில் இரார். அளவைக் குறித்துக்கொண்டு, மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டு நாம் போய்விடுகிறோம். அந்த ஆரஞ்சுப் பொருளின் நெருங்கிய உறவு ஒன்று இராணிப்பேட்டையின் நிலத்தடி நீரில் குடியேறிய கதையை இங்கு எழுத முற்படுகிறேன்.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. ஆவாரம் பட்டையைக் கொண்டு பதனிட வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பைக் கொண்டு செய்தால் வேலை விரைவில் முடியும். இத்தகைய குரோமிய உப்புகளைத் தயாரிக்க இராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் 1970களில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்னும் ஆலை எழுந்தது. குரோமைட்டுத் தாதுவைச் சோடா உப்புடனும் சுண்ணாம்புடனும் உலையில் வறுத்து, நீரில் கரைத்து வடிப்பது இதன் முறை. வடித்தபின் எஞ்சும் கசடு வெறும் மண்ணன்று. முழுதும் வடியாத குரோமேட்டு அதில் தங்கியிருக்கும். 1990களின் நடுவில் ஆலை மூடப்பட்டது. திறந்தவெளியில் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கசடு மலைபோல் நின்றுவிட்டது.

குரோமியத்திற்கு இரு முகங்கள் உண்டு. மூவிணைதிறக் குரோமியம் எளிதில் கரையாது, மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஆறிணைதிறக் குரோமியமோ நன்கு கரையும். அது குரோமேட்டு என்னும் எதிர்மின் அயனியாக இருப்பதால், தானும் எதிர்மின்னேற்றம் கொண்ட களிமண் அதைப் பிடித்து வைப்பதில்லை. ஆகவே மழை பெய்யுந்தோறும் குவியலிலிருந்து மஞ்சள் நீர் கசிந்து, பாறை வெடிப்புகளின் வழியே கீழே இறங்கியது. பிளாக்ஸ்மித் என்னும் அமெரிக்க நிறுவனம் 2006இல் வெளியிட்ட, உலகின் மிக மாசுற்ற பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டையும் இருந்தது. தோலால் உலகறிந்த ஊருக்கு இப்படியும் ஒரு புகழ்!

குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது. அதாவது ஒரே ஒரு கிராம், 20,000 லிட்டர் நீரை அவ்வரம்புக்குக் கொண்டுவந்துவிடும். நீரில் மஞ்சள் நிறம் கண்ணுக்குத் தெரிய ஏறத்தாழ ஒரு மில்லிகிராமாவது வேண்டும். எனவே நிறம் தெரியும்போது வரம்பை இருபது மடங்கு தாண்டிவிட்டோம் என்று பொருள். நிறமே தெரியாத நீரும் நல்ல நீர் என்று சொல்வதற்கில்லை. காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். கிருமிக்கு அது பொருந்தும்; குரோமியமோ நீர் ஆவியாக ஆவியாக இன்னும் செறியும். குரோமேட்டு ஆலைத் தொழிலாளர்களுக்குத் தோலில் ஆறாப் புண்ணும், மூக்கின் நடுத்தண்டில் ஓட்டையும், நுரையீரல் புற்றும் வந்தமை மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகக் கூறுவதே.

இதற்கு மாற்று என்ன? விந்தை என்னவெனில், நம் குடுவையில் நடக்கும் அதே வினைதான். பெரஸ் சல்பேட்டு, அதாவது நம் நாட்டு மருந்துக் கடை அன்னபேதி, ஆறிணைதிறக் குரோமியத்தை மூவிணைதிறமாகக் குறைத்துவிடும். கணக்குப்படி ஒரு கிராம் குரோமியத்திற்குப் பதினாறு கிராம் அன்னபேதி. காரத்தன்மை மிக்க கசட்டில் இன்னும் கூடுதலாகவே வேண்டியிருக்கும். ஏட்டில் எளிது; ஒன்றரை லட்சம் டன்னுக்குச் செலவழிப்பவர் யார்? மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை, வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. ஆனால் ஈடு செய்ய வேண்டிய ஆலையே இல்லாது போனால்? 2020ஆம் ஆண்டிலும் அக்குவியல் அங்கேயேதான் இருந்தது.

டைபினைல் கார்பசைடு என்றொரு வினைப்பொருள் உண்டு. அமிலம் சேர்த்த நீரில் அதைச் சிறிது விட்டால், ஆறிணைதிறக் குரோமியம் இருப்பின், கண்ணுக்குத் தெரியாத அளவாயினும் செவ்வூதா நிறம் தோன்றும். தொழிற்பேட்டை ஓரத்து ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள் தங்கள் கிணற்று நீரை ஒரு புட்டியில் கொண்டுவந்தால் சோதித்துப் பார்க்க, வாரத்தில் ஒரு மணி நேரம் ஆய்வுக்கூடத்தைத் திறந்துவைக்க நம் ஆசிரியப் பெருமக்கள் மனம் வைக்க வேண்டுகிறேன்.