உங்களுக்குத் தெரியுமா? - கண்ணுக்குள் முளைக்கும் குழாய்கள்

● "கண்ணுலயே ஊசி போட்டாங்க" என்று சர்க்கரை நோயாளிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் அது புது ரத்தக்குழாய் முளைப்பதையும், உள்ள குழாய் கசிவதையும் தடுக்கும் ஊசி!

● நாள்பட்ட சர்க்கரையில் விழித்திரையின் நுண்குழாய்கள் அடைபடும். ஆக்சிஜன் போதாத செல்களில் ஹெச்.ஐ.எஃப். என்ற புரதம் சிதையாமல் தேங்கி, வி.இ.ஜி.எஃப். என்ற இன்னொரு புரதத்தைச் சுரக்க வைக்கும். அது பக்கத்துக் குழாயின் சுவரில் ஒட்டியதும் புதுக் கிளை கிளம்பும். கரு வளர்வதும் காயம் ஆறுவதும் இதே ஏற்பாட்டால்தான். கண்ணில் அதுவே வினை. அவசரத்தில் முளைத்த குழாய் கசியும், உடையும், பார்வையை ரத்தம் மறைக்கும். செல்கள் ஆக்சிஜன் அளவை உணரும் இந்த விதத்தைக் கண்டுபிடித்த மூவருக்கு 2019இல் நோபல் பரிசு.

● புற்றுக்கட்டியும் இப்படித்தான் தனக்கு ரத்தம் வரவழைத்துக்கொள்கிறது என்று 1971இல் எழுதினார் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன். அப்போது நம்பியவர்கள் கொஞ்சம்தான். வி.இ.ஜி.எஃப்.ஐ முடக்கும் பெவாசிசுமாப் 2004இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு வந்தது.

● அந்தப் புற்றுநோய் மருந்துதான் கண்ணுக்கும் போகிறது. 4 மி.லி. குப்பியில் 100 மி.கி. மருந்து, கண்ணுக்குத் தேவை 1.25 மி.கி., அதாவது 0.05 மி.லி. ஒரே குப்பியைப் பலருக்குப் பிரிப்பதால் செலவு மளமளவென்று இறங்குகிறது. கிருமி புகாமல் பிரிப்பதில்தான் சூட்சுமம். முதுமையில் வரும் விழித்திரைச் சிதைவுக்கு, விலை கூடிய ரானிபிசுமாபுக்கு இது சளைத்ததல்ல என்று 2011இல் வெளியான அமெரிக்க ஒப்பீட்டு ஆய்வு காட்டியது.



● கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால், ஆய்வகத்தில் குழாய் முளைப்பை மட்டுப்படுத்தியிருக்கிறது. அதற்காகச் சர்க்கரைக்காரர் கிலோ கணக்கில் சாப்பிட்டால் ஏறுவது சர்க்கரைதான். ஊசிக்கு மாற்று இல்லை.

● குழாயை வளர்க்க வேண்டிய இடமும் உண்டு. பீடி, சிகரெட்டால் கால் குழாய்கள் அடைபட்டு விரல் அழுகும் பர்ஜர் நோய்க்கு, பெங்களூரில் உருவான ஸ்டெம் செல் மருந்து ஒன்று இந்தியாவில் அனுமதி பெற்றிருக்கிறது. அந்தச் செல்கள் சுரப்பவற்றில் வி.இ.ஜி.எஃப்.பும் ஒன்று.

● விழித்திரைக் கோளாறு ஆரம்பத்தில் வலிக்காது, பார்வையும் மங்காது. சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறை கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போட்டுப் பரிசோதிப்பது நல்லது. சில மணி நேரம் கண் கூசும். திரும்பும்போது வண்டி ஓட்ட வேறு ஆளைக் கூட்டிப் போங்கள்.