கோழிகளின் இறகுதிர்ப்பு: தென்காசி – குற்றாலம் வட்டாரச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

முட்டையிட்டு வந்த கோழி இறகை உதிர்த்து முட்டையை நிறுத்துவது நோயன்று. உடல் தன் புரதத்தை முட்டையிலிருந்து இறகுக்குத் திருப்பும் இயல்பான நிகழ்வு. அதன் இயங்குமுறையையும், சாரல் பருவத்தில் கோழிக்கு நேரும் இடரையும், பெரும்பண்ணைகளில் அது பட்டினியால் தூண்டப்பட்டதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இறகுதிர்ப்பு, நாட்டுக்கோழி, அடைகாத்தல், சாரல், கட்டாய இறகுதிர்ப்பு

முன்னுரை

தூவி, தோகை, பீலி எனப் பறவையின் இறகுக்குத் தமிழில் பல சொற்கள் உள்ளன. நடுகற்களுக்குப் பீலி சூட்டிய வழக்கத்தைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. இன்றைய பேச்சு வழக்கிலோ இறகும் சிறகும் ஒன்றாகவே ஆளப்படுகின்றன. இங்கு உடலெங்கும் முளைப்பது இறகு, பறக்கும் உறுப்பு சிறகு என்று கொள்ளப்படுகிறது. இந்த வேறுபாடு இல்லாமல் இறகுதிர்ப்பை விளக்க இயலாது.

உதிர்வின் காரணம்

இறகு வளர்ந்து முடிந்தபின் உயிரற்ற பொருள். தேய்ந்தால் தன்னைச் சரிசெய்துகொள்ளாது, மாற்றத்தான் வேண்டும். தைராய்டு சுரப்பு மேலோங்கிச் சினைப்பைச் சுரப்பு தாழும்போது, இறகின் வேர்ப்பையில் புதுக் குருத்து எழுந்து பழையதை வெளியே தள்ளுகிறது. தலையில் தொடங்கி, கழுத்து, மார்பு, உடல், சிறகு, வால் என உதிர்வு இறங்கிவரும்.

குளிர்நாடுகளில் இதற்கு அடையாளக்குறி பகற்பொழுது குறைவதாகும். ஏறத்தாழ 9 பாகை வட அகலாங்கில் உள்ள தென்காசியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மணி நேரத்தைச் சற்றே கடக்கும். குறி இவ்வளவு மங்கலாக இருப்பதால், இங்கு ஒரே முற்றத்துக் கோழிகளும் ஒரே காலத்தில் உதிர்ப்பதில்லை. நாட்டுக்கோழியைப் பொறுத்தவரை அடைகாத்தலே வலிமையான தூண்டல் எனலாம். அடைக்கோழி இரை குறைத்து, எடை இழந்து, சினைப்பை சுருங்கிய நிலையில் மூன்று வாரம் அமர்கிறது. குஞ்சுகளோடு இறங்கித் திரியும் நாள்களில் இறகு கொட்டத் தொடங்குவது இதன் தொடர்ச்சியே.

சிறகு காட்டும் கணக்கு

சிறகை விரித்தால் நடுவில் ஒரு குட்டை இறகு தெரியும். அதற்கு வெளிப்புறம் பொதுவாகப் பத்து முதன்மை இறகுகள் உள்ளன. உள்ளிருந்து வெளிநோக்கி இவை வரிசையாக உதிரும். ஓர் இறகு முழுமையாக வளர ஏறத்தாழ 6 வாரம் ஆகும். இரு வாரத்துக்கு ஒன்றாக உதிர்க்கும் கோழிக்குப் பத்தும் மாற 24 வாரம் வேண்டும். பலவற்றை ஒருசேர உதிர்க்கும் கோழி அதில் பாதிக்கும் குறைவான காலத்தில் முடித்துவிடும். நன்கு முட்டையிடும் கோழி தாமதமாகத் தொடங்கி விரைவாக முடிப்பது வழக்கம். ஆகவே கோரமாக, பாதி மொட்டையாக நிற்கும் கோழியே பெரும்பாலும் மந்தையில் சிறந்தது. தோற்றத்தைக் கண்டு அதனை முதலில் சந்தைக்கு அனுப்புவது நட்டமாகும்.

உதிர்வு எல்லாம் இயல்பானதும் அன்று. முதுகில் மட்டும் இறகு முறிந்திருந்தால் சேவல் மிதித்ததாக இருக்கலாம். தோல் சிவந்திருந்தால் பேன், உண்ணி, கொத்தல் ஆகியவற்றை ஐயுற வேண்டும். வெறுமையான இடத்தில் குருத்துகள் சீராக முளைத்திருந்தால் அது இறகுதிர்ப்பு.

சாரலில் உதிர்க்கும் கோழி

ஜூன் முதல் ஆகஸ்டு வரை செங்கோட்டைக் கணவாய் வழி வரும் காற்றும் சாரலும் குற்றாலத்துக்கு அருவிப் பருவம்; போர்வை இழந்த கோழிக்கோ அது கடுங்காலம். இறகில் பெரும்பகுதி கெரட்டின் என்னும் புரதம். அதற்குக் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் மிகுதியாகத் தேவை. உடல்வெப்பமும் எளிதில் வெளியேறுவதால் இரைத் தேவை இருமடியாக அழுத்துகிறது. இந்த நிலையில் முட்டை நிற்பது உடலின் சிக்கனம். அரிசிக் குருணை மட்டும் போதாது. கடலைப் பிண்ணாக்கு, கருவாட்டுத்தூள், கரையான் போன்ற புரத இரையும் காற்றுத் தடுத்த உலர்ந்த கூடும் வேண்டும். புதுக் குருத்தில் இரத்தம் ஓடுவதால், சிறகைப் பிடித்துத் தூக்கினால் குருத்து ஒடிந்து குருதி கசியும்.

பட்டினியால் உதிர்ப்பது

முற்றத்தில் நோயென்று அஞ்சப்படுவதைப் பெருவணிக முட்டை உற்பத்தி கருவியாக்கிக் கொண்டது. முட்டையிடும் வீதம் குறைந்த கோழிகளுக்குத் தீவனத்தைப் பல நாள் நிறுத்தி, ஒளியையும் குறைத்தால் அவை ஒருசேர உதிர்க்கும். எடையில் கால்பங்கோ அதற்கு மேலோ இழக்கும். சுருங்கிய கருக்குழல் மீண்டும் வளர்வதால் அடுத்த சுற்றில் ஓடு உறுதியான முட்டைகள் கிடைக்கும். புதுக்கோழி வாங்கும் செலவு மிச்சம் என்பதே இதன் பொருளியல்.

இயற்கை நிகழ்வை விரைவுபடுத்துவதுதானே என்னும் வாதம் ஏற்கத்தக்கதன்று. அடைக்கோழியின் இரைக்குறைப்பு அதன் உடலே முறைப்படுத்துவது. கூண்டுக்கோழியின் பட்டினி வெளியிலிருந்து சுமத்தப்படுவது. விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960, பிரிவு 11(1)(h) போதிய உணவு அளிக்கத் தவறுவதைக் குற்றமாக்குகிறது. அதன் அடிப்படையில் 2011-இல் இந்திய விலங்குகள் நல வாரியம் இம்முறையைக் கைவிடுமாறு பண்ணைகளுக்கு அறிவுறுத்தியது. தீவனத்தை நிறுத்தாமல் கோதுமைத் தவிடு போன்ற ஆற்றல் குறைந்த இரையைக் கொடுத்தும் உதிர்ப்பைத் தூண்ட முடியும் என்பது வேறு நாடுகளில் நடைமுறையில் உறுதிப்பட்டுள்ளது.