புகைக்காதவரின் சுவாசப்பை

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் 31ஆம் திகதி உலகப் புகையிலை எதிர்ப்புத் தினம் அனுஷ்டிக்கப்படுகிறது. பாடசாலைகளில் சுவரொட்டிப் போட்டிகளும் பேச்சுப் போட்டிகளும் நடக்கின்றன. எங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "புகைப்பவர்கள் ஆண்கள்தானே, இதில் எங்களுக்கு என்ன இருக்கிறது?" என்று யாராவது ஒரு தோழி கேட்பாள். நியாயமான கேள்விதான். இலங்கையில் புகைக்கும் பெண்கள் மிகக் குறைவு. ஆனால் சிகரட்டைக் கையாலும் தொடாத பெண்களுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு நாம் நினைப்பதைவிட நெருக்கமானது. அதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எரியும் சிகரட்டிலிருந்து 7,000க்கும் மேற்பட்ட இரசாயனப் பொருட்கள் வெளிவருகின்றன. அவற்றுள் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. எல்லாவற்றையும் மனனம் செய்யத் தேவையில்லை. மூன்றை அறிந்தால் போதும். முதலாவது தார். சுவாசப்பையின் உட்புறத்தில் பிசின்போலப் படியும் இதில்தான் புற்றுநோய்ப் பொருட்கள் பல உள்ளன. இரண்டாவது காபனோரொட்சைட்டு. இது இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பிணைந்துகொள்கிறது. உடலுக்குப் போய்ச் சேர வேண்டிய ஒட்சிசன் குறைவதால் இதயத்தின் வேலை கூடுகிறது. மூன்றாவது நிக்கொட்டின். உறிஞ்சிய சில விநாடிகளில் மூளையை அடையும் இதுவே மனிதரை அடிமையாக்குகிறது.

நிக்கொட்டினின் பிடியை நோன்பு காலத்தில் எங்கள் வீடுகளிலேயே காணலாம். ஸஹரிலிருந்து மஃரிப் வரை சிகரட்டைத் தொடாத ஒருவர், நோன்பு துறந்து கஞ்சி குடித்த கையோடு வெளியே எழுந்து போகிறார். பகலில் அவருக்கு இருந்த எரிச்சலும் தலையிடியும் பசியால் மட்டும் வந்தவையல்ல. பழகிய மூளை நிக்கொட்டினைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதே வேளை இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பதின்மூன்று மணித்தியாலத்துக்கும் மேலாக அவரால் அதை விட்டிருக்க முடிந்தது. விடவே முடியாது என்ற சொல்லுக்கு அவரே மறுப்பாக இருக்கிறார்.

இனி, புகைக்காதவரின் பக்கத்துக்கு வருவோம். ஒரு சிகரட்டிலிருந்து இரண்டு விதமான புகை வெளிவருகிறது. ஒன்று, புகைப்பவர் உறிஞ்சி வெளியே ஊதுவது. மற்றது, அவர் உறிஞ்சாத நேரத்தில் எரியும் நுனியிலிருந்து தானாகக் கிளம்புவது. இந்த இரண்டாவது புகை குறைந்த வெப்பத்தில் அரைகுறையாக எரிந்து, எந்த வடிகட்டியையும் கடக்காமல் காற்றில் கலக்கிறது. அதனால் அளவுக்கு அளவு பார்த்தால் இதிலேயே நச்சு அதிகம். யன்னலைத் திறந்தாலும் மின்விசிறியைப் போட்டாலும் அறையிலிருந்து அது முற்றாக நீங்குவதில்லை. இத்தகைய வீட்டில் வளரும் சிறு பிள்ளைகளுக்குக் காதில் தொற்று, நெஞ்சுச் சளி முதலியன அடிக்கடி வருகின்றன; ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அது கடுமையாகிறது. கருவுற்ற தாய் இப்புகையைச் சுவாசித்தால் குழந்தை நிறை குறைந்து பிறக்கும் வாய்ப்புக் கூடுகிறது.

இந்த உண்மைகள் எளிதில் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. 1950ஆம் ஆண்டு பிரித்தானியாவில் ரிச்சர்ட் டோல், பிராட்போர்ட் ஹில் என்ற இருவரும் லண்டன் வைத்தியசாலைகளிலிருந்த நோயாளர்களை ஆராய்ந்து, புகைத்தலுக்கும் சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்புண்டு எனக் காட்டினர். அமெரிக்காவிலும் இத்தகைய முடிவுகள் வெளிவந்தன. உடனே விழித்துக்கொண்டவை சிகரட் நிறுவனங்கள். 1954 ஜனவரியில் அவை ஒன்றுசேர்ந்து 400க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பத்திரிகைகளில் முழுப்பக்க அறிக்கை வெளியிட்டன. "இன்னும் நிரூபிக்கப்படவில்லை" என்பதே அதன் சாரம். சிகரட் நல்லது என்று அவை வாதாடவில்லை. மக்கள் மனதில் சந்தேகம் நீடித்தால் அதுவே வியாபாரத்துக்குப் போதுமாக இருந்தது.

1981ஆம் ஆண்டு ஜப்பானிலிருந்து இன்னோர் ஆய்வு வந்தது. அதை வாசித்தபோதுதான் இந்தத் தலைப்பை நான் தெரிந்தெடுத்தேன். டக்கேஷி ஹிரயாமா என்ற ஆய்வாளர், தாமே புகைக்காத 91,540 மனைவியரை 14 ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்தார். கணவர் நாளுக்கு 20 சிகரட்டோ அதற்கு மேலோ புகைத்த வீடுகளில், சுவாசப்பைப் புற்றுநோயால் மனைவி இறக்கும் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. கணவர் புகைத்த எண்ணிக்கை கூடக்கூட மனைவியின் ஆபத்தும் கூடியது. அந்தப் பெண்கள் செய்ததெல்லாம் தம் வீட்டில் மூச்சு விட்டது மட்டுமே.

புகையிலை நிறுவனங்கள் இவ்வாய்வு பிழையென்று பத்திரிகைகளில் விளம்பரம் செய்தன. ஆனால் பிற்காலத்தில் அமெரிக்க வழக்குகளின் வழியே அவற்றின் உள் ஆவணங்கள் வெளிவந்தபோது, ஹிரயாமா சொன்னது சரியென அவர்களின் ஆலோசகர்களே அப்போது கருதியிருந்தது தெரியவந்தது. இன்று இதில் விவாதமில்லை. புகையிலையால் உலகில் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கும் அதிகமானோர் இறக்கின்றனர் என்றும், அவர்களுள் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் புகைக்காதவர்கள் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது.

எங்கள் நாட்டிலும் இவ்விவாதம் நடந்தது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் சிகரட் விளம்பரத்தைத் தடை செய்தது. 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதைக் குற்றமாக்கியது. மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்தது. 2012இல் சிகரட் பெட்டியின் 80 வீதத்தை எச்சரிக்கைப் படம் மறைக்க வேண்டுமென சுகாதார அமைச்சு விதித்தபோது, விடயம் நீதிமன்றம் வரை சென்று அந்த அளவு குறைக்கப்பட்டது. பின்னர் 2015இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி மீண்டும் 80 வீதத்தைக் கொண்டுவந்தது. ஆயினும் பெட்டிக்கடையில் ஒன்று, இரண்டாக வாங்குபவர் அந்தப் படத்தைக் கையில் எடுப்பதே இல்லை.

புகைப்பது தனிமனித சுதந்திரம், சிகரட்டால் அரசுக்கு வரி கிடைக்கிறது என்று வாதிப்போரும் உளர். வரி கிடைப்பது உண்மை. ஆனால் மாரடைப்பும் பாரிசவாதமும் புற்றுநோயுமாக வைத்தியசாலைக்கு வருவோரின் செலவையும் அதே அரசுதான் சுமக்கிறது. சுதந்திரம் என்றால், பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கும் தூய காற்றைச் சுவாசிக்கும் சுதந்திரம் உண்டல்லவா?

பஸ்ஸிலும் அலுவலகத்திலும் சட்டம் எங்களைக் காக்கிறது. வீட்டு வாசற்படியோடு அது நின்றுவிடுகிறது. அதற்குள்ளே பேச வேண்டியவர்கள் நாங்கள்தான். வாப்பாவிடமோ சாச்சாவிடமோ மாமாவிடமோ இதைச் சொல்வது ஒரு பெண்பிள்ளைக்கு இலகுவானதல்ல என்பது எனக்கும் தெரியும். மரியாதை குறையாமல் சொல்ல ஒரு வழி உண்டு. "விடுங்கள்" என்று தொடங்காமல், "வீட்டுக்குள் மட்டும் வேண்டாம், தம்பிக்கு முட்டு வருகிறது" என்று தொடங்கலாம். தனியே சொல்லத் தயங்கினால் உம்மாவையும் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம்.

பெற்றோரே, காலம் கடந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். டோல் பிரித்தானிய வைத்தியர்களை 50 ஆண்டுகள் அவதானித்த ஆய்வின்படி, தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் 10 ஆண்டுகள் முந்தி இறந்தனர். 40 வயதில் விட்டவர்கள் அவற்றுள் சுமார் 9 ஆண்டுகளையும், 50 வயதில் விட்டவர்கள் சுமார் 6 ஆண்டுகளையும், 60 வயதில் விட்டவர்கள்கூட சுமார் 3 ஆண்டுகளையும் மீட்டுக்கொண்டனர். மகள் பட்டம் பெறுவதையும் பேரப்பிள்ளை நடை பழகுவதையும் பார்க்க அந்த ஆண்டுகள் போதும். பகல் முழுவதும் நோன்பில் விடத் தெரிந்தவருக்கு இரவிலும் விடுவதற்கான முயற்சி இயலாததல்ல. தனித்து முடியாவிட்டால் வைத்தியரின் உதவியை நாடுங்கள். அதுவரையில், வீட்டின் காற்றையாவது பிள்ளைகளுக்கென விட்டுவையுங்கள்.