கடல் கடந்த கஞ்சி

உணவுக் குறிப்பில் ‘கான்ஜீ’ என்னும் ஆங்கிலச் சொல்லைக் கண்டு, அது மருந்துக் கடையில் வாங்க வேண்டிய பொருளோ என்று எம்மிடம் வினவுவோர் உண்டு. ராயகிரியில் வீடுதோறும் அடுப்பில் கொதிக்கும் நம் கஞ்சியே அது.

‘கஞ்சி’ என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்ததே ‘கான்ஜீ’ என ஆங்கில அகராதிகள் குறிக்கின்றன. ஆங்கிலேயருக்கு முன்னரே போர்ச்சுகீசியர் இச்சொல்லை அறிந்திருந்தனர். கார்சியா த ஓர்த்தா என்னும் போர்ச்சுகீசிய மருத்துவர், 1563-இல் கோவாவில் அச்சான தம் நூலில், மிளகும் சீரகமும் சேர்த்த அரிசிக் கஞ்சி நோயாளிக்குத் தரப்படுவதை இப்பெயராலேயே குறித்துள்ளார். இன்று சீனரின் அரிசிக் கஞ்சியையும் ஆங்கிலம் ‘கான்ஜீ’ என்றே அழைக்கிறது.

நோயுற்றோரின் உணவாக அயலார் நம்மிடம் கண்டு குறித்ததை, நாம் சில வேளைகளில் மறந்துவிடுகிறோம். வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்கு, ‘வயிறு ஓயட்டும்’ என்று உணவையும் நீரையும் நிறுத்திவிடும் வழக்கம் இன்னும் உள்ளது. இது ஆபத்தானது. வயிற்றுப்போக்கில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதே. கஞ்சியின் மாவுச்சத்து குடலில் சர்க்கரையாக மாறும்; அச்சர்க்கரை உப்பை உள்ளிழுக்க, உப்பைத் தொடர்ந்து நீரும் உடலில் சேரும். உப்புச் சர்க்கரைக் கரைசல் செயல்படுவதும் இவ்வாறே. 1971-இல் வங்காளத்தின் அகதி முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மகலனபிஸ் இக்கரைசலைக் கொண்டே எண்ணற்ற உயிர்களைக் காத்தார்.

ஆகவே, வயிற்றுப்போக்கு தொடங்கியவுடன், பொட்டலத்தில் குறித்த அளவு கொதித்தாறிய நீரில் உப்புச் சர்க்கரைப் பொடியைக் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்துங்கள். இடையிடையே சிட்டிகை உப்பிட்ட நீர்த்த கஞ்சி தரலாம். எனினும் கஞ்சி மட்டும் கரைசலுக்கு ஈடாகாது. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் கஞ்சி வேண்டா. தாய்ப்பாலை நிறுத்தாமல் கொடுத்து, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். நீரிழிவு, சிறுநீரக நோய் உடையோர் கஞ்சியின் அளவையும் உப்பையும் மருத்துவரிடம் கேட்டறிதல் நலம்.

கண்கள் குழிவிழுதல், சிறுநீர் குறைதல், மலத்தில் இரத்தம், சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றுள் ஒன்று காணினும், இரவென்று பாராமல் மருத்துவமனைக்கு விரைந்து வாருங்கள். வரும் வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே வாருங்கள்.

அடுத்த முறை உணவுக் குறிப்பில் ‘கான்ஜீ’ என்றிருந்தால் தயங்க வேண்டா. அது நம் வீட்டுச் சொல். நம் வீட்டு உணவு.