ஒயின் டேஸ்டிங்: ஆஸ்டின் டவுன் வாடகை வீட்டு ஹாலில் நடத்துவது எப்படி?

தமிழில் 'ஒயின்ஷாப்' என்று ஒரு சொல் இருக்கிறது. அங்கே பிராந்தி கிடைக்கும், ரம் கிடைக்கும், பீர் கிடைக்கும். ஒயின் கேட்டால் மட்டும் கடைக்காரர் ஒரு நிமிஷம் யோசிப்பார். பெங்களூரில் 'வைன்ஸ்' என்று போர்டு மாட்டிய பல கடைகளிலும் இதே கதைதான். அதனால்தானோ என்னவோ, நம்மில் பலருக்கு ஒயினோடு முதல் அறிமுகம் கம்பெனி டின்னரில்தான் நடக்கிறது. டீம் லீட் கிளாஸைச் சுழற்றி, முகர்ந்து, "நல்லா ஓக்கியா இருக்கு" என்கிறார். ஓக் என்பது மரம் என்று தெரியும். மரம் எப்படி ருசிக்கும்? கேட்க வெட்கம். நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம்.

அந்த வெட்கத்தைத் தொலைக்க நட்சத்திர ஹோட்டல் தேவையில்லை. ஆஸ்டின் டவுனில் நீங்கள் இருக்கும் வாடகை வீட்டு ஹால், நான்கு பாட்டில், எட்டு நண்பர்கள், கொஞ்சம் பழைய செய்தித்தாள். இது போதும். செய்தித்தாள் எதற்கு? பாட்டிலைச் சுற்றி மறைக்க. இந்த விருந்தின் உயிரே அதில்தான் இருக்கிறது.

லேபிளை ஏன் மறைக்க வேண்டும்?

விலை தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும். அமெரிக்காவில் 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்று சொன்னபோது அதிகம் பிடித்திருந்தது. மூளை ஸ்கேனிலும் இன்பம் சார்ந்த பகுதி அதிகமாக இயங்கியது. அதாவது, விலையைக் கேட்டு அவர்கள் நடிக்கவில்லை, நிஜமாகவே ரசித்தார்கள்.

நிறமும் ஏமாற்றும். பிரான்ஸின் போர்தோவில் ஒயின் படிப்பு படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். 2001-ல் வந்த அந்த ஆய்வின்படி, சிவப்பு ஒயினுக்குப் பயன்படுத்தும் சொற்களையே அவர்கள் எழுதித் தந்தார்கள். ஒயினையே படிப்பவர்களுக்கு இந்தக் கதி என்றால், தலையாட்டிவிட்டு வந்த நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெரிய ஜாம்பவான்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஒயின் வியாபாரி, பிரெஞ்சு நடுவர்களுக்கு லேபிளை மறைத்துப் பிரெஞ்சு ஒயின்களையும் கலிபோர்னியா ஒயின்களையும் கொடுத்தார். வெள்ளை, சிவப்பு இரண்டிலும் முதலிடம் கலிபோர்னியாவுக்கு! உங்கள் ஹாலிலும் இது மாதிரி ஒன்று நடக்கலாம்.

எதை வாங்குவது?

வெளிநாட்டு பாட்டில்தான் நல்லது என்று நினைத்து வாங்கி விடாதீர்கள். ஒயின் ஊரில்தான் நீங்கள் குடியிருக்கிறீர்கள். சுமார் 60 கி.மீ. தள்ளி, நந்தி மலைப் பக்கம் 1988-ல் கன்வல் குரோவர் தொடங்கிய திராட்சைத் தோட்டம்தான் இன்றைய குரோவர் ஸாம்பா. ஹம்பி பக்கம் க்ருஷ்மா இருக்கிறது. நாசிக்கின் சூலா எல்லாருக்கும் தெரியும். கர்நாடகம் 2007-ல் ஒயினுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்த மாநிலம்.

முதல் தடவைக்கு இப்படி எடுங்கள்: ஒரு ஷெனின் பிளாங்க், ஒரு சாவின்யோன் பிளாங்க், ஒரு ஷிராஸ், ஒரு கேபர்னே சாவின்யோன். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு. நான்கில் மூன்று ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே இருக்கட்டும். ஒன்று மட்டும் அதைவிட இரண்டு மடங்கு விலையில். எது என்று யாருக்கும் சொல்ல வேண்டாம்.

ஐந்தாவது ஒன்று பக்கத்து வீட்டிலேயே கிடைக்கலாம். ஆஸ்டின் டவுன், விவேக் நகர் பக்கமுள்ள ஆங்கிலோ இந்திய, தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு முன்பு ஜாடியில் ஒயின் போடுவது பழைய பழக்கம். கறுப்பு திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், கொஞ்சம் கோதுமை, பட்டை, கிராம்பு. அதில் பெரும்பாலும் நம் ஊர் 'பெங்களூர் ப்ளூ' திராட்சையின் ஜாம் வாசனை வரும். கடை ஒயினோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஆனால், உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதைக் கலால் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். ஆன்ட்டி அன்பாகக் கொடுத்த அரை டம்ளர் வேறு, நீங்களே பத்து லிட்டர் போட்டு நண்பர்களுக்கு விற்பது வேறு.

எவ்வளவு ஊற்றுவது?

ஒருவருக்கு ஒரு ஒயினில் 50 மி.லி. அவ்வளவுதான். 750 மி.லி. பாட்டிலில் இப்படி 15 பேருக்கு ஊற்றலாம். நான்கு ஒயினும் ருசித்தால் ஒருவருக்கு 200 மி.லி. 'இவ்வளவுதானா?' என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள்: 13 சதவீத ஒயின் 200 மி.லி. என்றால் 26 மி.லி. ஆல்கஹால். ஒரு லார்ஜ் விஸ்கியில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். 'ஒயின்தானே, லைட்டு' என்ற பேச்சை இங்கேயே முடித்துக்கொள்வோம்.

எட்டு பேர் ருசித்த பிறகும் ஏறக்குறைய இரண்டு பாட்டில் அளவுக்கு மிச்சம் இருக்கும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ருசி பார்க்க வந்தவர்கள் மிச்சத்தைக் காலி பண்ண உட்கார்ந்தால், அது வழக்கமான சரக்கு பார்ட்டி ஆகிவிடும். மிச்சத்தை என்ன செய்வது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

'ரெட் ஒயின் ஹார்ட்டுக்கு நல்லது' என்று யாராவது ஆரம்பிப்பார்கள். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. ருசிக்காகக் குடிக்கிறோம் என்றால் ருசிக்காகத்தான், உடம்புக்காக இல்லை.

நண்பர்கள் வருவதற்கு முன்

சிவப்பு ஒயினை 'ரூம் டெம்பரேச்சரில்' கொடுக்க வேண்டும் என்பார்கள். அந்த ரூம் ஐரோப்பாவில் இருந்தது, 16, 18 டிகிரியில். ஏப்ரல் மாத பெங்களூர் ஹாலில் சிவப்பு ஒயின் வெந்நீர் மாதிரி தொண்டையைச் சுடும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெள்ளையை அதற்கு நேர்மாறாக, ஊற்றுவதற்குப் பத்து நிமிஷம் முன்பு ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுங்கள். ஐஸ் மாதிரி இருந்தால் வாசனையே வராது.

அன்று சாயங்காலம் ஊதுபத்தி, சாம்பிராணி வேண்டாம். பெர்ஃப்யூமைக் குறைக்கச் சொல்லி நண்பர்களுக்கும் மெசேஜ் போடுங்கள். கிளாஸ் எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் போதும், காலுள்ள கிளாஸ்தான் வேண்டும் என்றில்லை. எவர்சில்வர் டம்ளர் மட்டும் ஆகாது, நிறம் தெரியாது.

இன்னொன்று, துப்புவதற்குப் பாத்திரம். வாய் முழுக்கச் சுழற்றிவிட்டுத் துப்புவதுதான் ஒயினையே தொழிலாக ருசிப்பவர்களின் முறை. வெற்றிலை போட்ட நம் தாத்தா பாட்டி வீட்டில் படிக்கம் இருந்ததே, அதே வேலைதான். மேஜைக்கு இரண்டு சொம்பு வைத்துவிடுங்கள். முதலில் சிரிப்பார்கள், மூன்றாவது ஒயினுக்கு யாராவது ஒருவர் பயன்படுத்துவார்.

என்ன சொல்வது?

ஒயின் புத்தகங்களில் பிளாக்கரன்ட், கூஸ்பெரி என்று வரும். மதுரையில் வளர்ந்த நாக்குக்கு பிளாக்கரன்ட் எங்கே தெரியும்? தெரிந்த சொல்லையே பயன்படுத்துங்கள். நம்மிடம் அறுசுவைக்கும் பெயர் இருக்கிறது, அதிலும் ஆங்கிலக்காரர் திணறும் 'துவர்ப்பு' நமக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

சிவப்பு ஒயின் குடித்ததும் நாக்கும் ஈறும் வறண்டு பிடித்துக்கொள்கிறதே, அதற்குக் காரணம் டானின். திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. எச்சிலில் உள்ள புரதத்தோடு அது ஒட்டிக்கொள்வதால் வாய் வறள்கிறது. வாழைப்பூ, பாக்கு, ரொம்ப நேரம் கொதித்த பால் இல்லாத டீ எல்லாமே இதே உணர்வுதான். டீயில் பால் விட்டால் துவர்ப்பு அடங்கும், பாலின் புரதம் டானினைப் பிடித்துக்கொள்வதால். சிவப்பு ஒயினுக்குச் சீஸ் வைப்பதிலும் ஓரளவு இதே சூட்சுமம்தான்.

கன்னத்தின் இரு பக்கமும் எச்சில் ஊறுகிறதா? அது புளிப்பு. வெள்ளை ஒயினில் அதிகம். நாக்கில் எவ்வளவு கனமாக இருக்கிறது என்பதற்குப் பால்தான் நல்ல அளவுகோல்: சிலது ஆடை நீக்கிய பால், சிலது எருமைப்பால்.

வாசனையில் இரண்டை நிச்சயம் பிடிக்கலாம். சாவின்யோன் பிளாங்கில் பச்சைக் குடைமிளகாய் வாசனை வந்தால் அது பிரமை இல்லை. குடைமிளகாயில் இருக்கும் அதே வகை வேதிப்பொருள் அந்தத் திராட்சையிலும் உண்டு. ஷிராஸில் மிளகு வாசனையும் அப்படித்தான். மிளகில் இருக்கும் ரோட்டண்டோன்தான் அங்கேயும் இருக்கிறது என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-ல் கண்டுபிடித்தார்கள். ஐந்தில் ஒருவருக்கு அது மூக்கிலேயே ஏறாதாம். ஒருவர் 'மிளகு ரசம்' என்பார், பக்கத்தில் இருப்பவர் 'எங்கே?' என்பார். இரண்டு பேரும் சரிதான். 'ஓக்கி' என்பதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம்: ஓக் மர பீப்பாயில் வைத்த ஒயினில் வெனிலா, தேங்காய், லேசான புகை மாதிரி வாசனை வரும். அவ்வளவுதான் விஷயம்.

ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, பேசுவதற்கு முன் எழுதச் சொல்லுங்கள். முதலில் பேசுபவரின் கருத்துதான் மேஜையின் கருத்தாகிவிடும், மீட்டிங்கில் நடப்பது மாதிரியே.

சாப்பாடு: ருசிக்கும்போது பிரெட், உப்பில்லாத பிஸ்கட், தண்ணீர் மட்டும். அதற்குப் பிறகு விருந்து. காரமான சில்லி சிக்கனோடு கேபர்னே கொடுத்தால் இரண்டுமே கெடும், ஆல்கஹால் மிளகாய் எரிச்சலைத் தூண்டிவிடும். காரத்துக்கு லேசான இனிப்புள்ள ஷெனின் பிளாங்க் பரவாயில்லை. மட்டன் மிளகு வறுவலுக்கு ஷிராஸ். மெதுவடைக்கு என்ன என்று கேட்காதீர்கள், வடைக்குச் சட்னிதான்.

குடிக்காத நண்பர் என்ன செய்வார்?

இந்த விருந்தில் மிக முக்கியமான ஆள் அவர்தான். பாட்டிலைச் சுற்றுவது, எண் போடுவது, ஊற்றுவது, கடைசியில் விடையைப் பிரிப்பது எல்லாமே அவர் கையில். ரகசியம் தெரிந்த ஒரே ஆள். அவருக்கும் நன்னாரி சோடா, பன்னீர் திராட்சை ஜூஸ் இருக்கட்டும். ஏன் குடிக்கவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள். மாத்திரை சாப்பிடுபவராக இருக்கலாம், கர்ப்பமாக இருக்கலாம், குடியை விட்டு ஆறு மாதம் ஆகியிருக்கலாம், வெறுமனே பிடிக்காமலும் இருக்கலாம். 'ஒரே ஒரு சிப்' என்று வற்புறுத்தும் நண்பரை அடுத்த தடவை கூப்பிடாதீர்கள்.

சட்டம், ஹவுஸ் ஓனர், பைக்

கர்நாடகக் கலால் விதிகள் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மது விற்பதைத் தடுக்கின்றன. காலேஜ் படிக்கும் தம்பியைக் கூப்பிட வேண்டாம். டிக்கெட் போட்டு வசூல் செய்தால் அது விற்பனை, உரிமம் வேண்டும். மிச்ச பாட்டிலை ஓசூர் நண்பர் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டாம், மாநில எல்லை தாண்டினால் விதிகள் வேறு.

ஆஸ்டின் டவுன் தெருக்களில் எதிர்வீட்டு மிக்ஸி சத்தம்கூட நம் வீட்டில் கேட்கும். ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் முடியுங்கள். பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் வேண்டாம். பேச்சுலர் வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் முன்கூட்டியே 'நண்பர்கள் டின்னருக்கு வர்றாங்க அங்கிள்' என்று சொல்லி வைப்பது நல்லது.

பைக் சாவி விஷயத்தில் மட்டும் தயவுதாட்சண்யம் கூடாது. 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹாலுக்கு மேல் போனால் குற்றம். முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மேலே பார்த்த 200 மி.லி. ஒயினே பலரை அந்தக் கோட்டைத் தாண்ட வைக்கும். துப்பினேன் என்று சொல்பவரும் ஆட்டோவிலோ கேபிலோதான் போக வேண்டும். இன்விடேஷன் மெசேஜிலேயே 'வண்டி எடுத்துட்டு வராதீங்க' என்று எழுதிவிடுங்கள்.

மிச்சம் இருக்கும் ஒயினை, சிவப்பாக இருந்தாலும், மூடி ஃப்ரிட்ஜில் நிறுத்தி வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். அதற்கு மேல் புளித்துவிடும். டிசம்பர் நெருங்கினால் பிளம் கேக்குக்கு உலர்திராட்சை ஊற வைக்கலாம், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பில் ஒரு கரண்டி.