மீன்தொட்டியும் நோயாளியின் கைகளும்

"வீட்டில் மீன்தொட்டி வைத்துக்கொள்ளலாமா?" என்னும் கேள்வி, மருந்துச் சீட்டு எழுதி முடித்த பின்னர், எழுந்து செல்லும்போதுதான் பெரும்பாலும் எங்களிடம் கேட்கப்படுகிறது. நீண்ட சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பியவருக்குப் பொழுது நகர்வதில்லை. கூடலூரின் ஆனி, ஆடி மழையில் வெளியே நடந்துவரவும் இயலாது. பேரனோ மகளோ நீலமும் மஞ்சளுமாக மின்னும் ஆப்பிரிக்க சிக்லிட் மீன்களைக் கைப்பேசியில் காட்டியிருப்பார்கள். ஆசை எழுவதில் வியப்பில்லை. வைத்துக்கொள்ளலாம் என்பதே எங்கள் விடை. ஆனால் எந்த மீன், யாருடைய கை தண்ணீருக்குள் போகும் என்னும் இரண்டையும் தொட்டி வாங்குவதற்கு முன்னரே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

மீன்களைப் பார்த்துக்கொண்டிருப்பது மனத்தை அமைதிப்படுத்தும் என்பது வெறும் நம்பிக்கையன்று. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2002-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அல்சைமர் நோயுற்ற முதியோர் 62 பேரின் உணவுக்கூடங்களில் மீன்தொட்டிகள் வைக்கப்பட்டன. அவர்கள் உண்ட உணவின் அளவு கூடியது. உடல் எடையும் ஏறியது. சிறிய ஆய்வுதான், இதை நம்பி எவரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. எனினும், உணவுத்தட்டின் முன் அமர மறுக்கும் பெற்றோரைப் பேணுவோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

சிக்லிட் என்பது நமக்குப் புதிய குடும்பமன்று. நம் எல்லைக்கு அப்பால் கேரளத்தார் விரும்பி உண்ணும் கரிமீன் அக்குடும்பத்தது. சந்தையில் ஜிலேபி என்று விற்கப்படும் திலாப்பியாவும் அதே குடும்பம். அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மீன், 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. குளங்களிலும் ஆறுகளிலும் பல்கிப் பெருகி, உள்ளூர் மீன்களின் இடத்தைப் பறித்தது. ஆகவே தொட்டி மீன் அலுத்துப்போனால் அதைப் பாண்டியாற்றிலோ அருகிலுள்ள ஓடையிலோ விட்டுவிடக் கூடாது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

படங்களில் கண்ணைப் பறிக்கும் மீன்கள் பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்தவை. சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் சந்தையில் இவை தாராளமாகக் கிடைக்கின்றன. அவ்வேரியின் நீர் கடினமானது, காரத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 7.8 முதல் 8.6 வரை. நீலகிரியின் பாறைகளோ சார்னோக்கைட், நைஸ் வகையின; அவற்றில் சுண்ணாம்பு குறைவு. அவற்றின் மீது பெருமழை பெய்து ஊறிவரும் நம் கிணற்று நீரும் ஊற்று நீரும் பொதுவாக மென்மையானவை. மலாவி மீன்களுக்காக அந்நீரைக் கிளிஞ்சலாலும் சமையல் சோடாவாலும் வாரந்தோறும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பவளத்துண்டுகளை நாட வேண்டாம். பவளங்கள் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. இம்மீன்கள் சண்டைக்காரர்களும் ஆவர். 200 லிட்டருக்குக் குறையாத தொட்டியும், ஒளிந்துகொள்ளப் பாறைக் குவியலும் இன்றி ஒன்றையொன்று கிழித்துவிடும். நீரும் கல்லும் கண்ணாடியுமாக ஏறத்தாழ முந்நூறு கிலோ எடை. வீட்டில் ஒருவர் நோயிலிருந்து மீண்டுவரும் காலத்தில் இவ்வளவு வேலையை ஏன் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்?

ஆப்பிரிக்க சிக்லிட்தான் வேண்டுமென்றால் நாங்கள் சொல்வது கிரிபென்சிஸ். நைஜீரியா, கேமரூன் பகுதிகளின் ஓடைகளில் வாழும் விரல்நீள மீன் இது. மென்மையான நீர் இதற்கு இயல்பானது. அதாவது நம் ஊர் நீரே போதும். ஓர் இணைக்கு 80 லிட்டர் தொட்டி தாராளம். பாறையும் வேண்டியதில்லை. வாயிலமைத்துக் கவிழ்த்த தேங்காய்ச் சிரட்டையைக் குகையாக ஏற்றுக்கொள்ளும். இனப்பெருக்கக் காலத்தில் பெண்மீனின் வயிறு செர்ரிப் பழநிறம் கொள்ளும். அது சிரட்டையின் உட்கூரையில் முட்டையிட்டுக் காக்க, ஆண்மீன் வெளியே காவல் நிற்கும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் தாயும் தந்தையுமாக அவற்றைக் கூட்டமாக மேய்த்துச் செல்லும். படுக்கையிலிருந்தே பார்க்கக்கூடிய காட்சி.

தொட்டியை நிரப்பியவுடன் மீனை விடுவதே புதியவர்கள் செய்யும் பெருந்தவறு. எங்கள் வாசகர்களுக்கு இதை விளக்குவது எளிது: வடிகட்டிதான் தொட்டியின் சிறுநீரகம். மீனின் கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியா நஞ்சு. வடிகட்டியின் பஞ்சில் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பின்னர் அவ்வளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை பெருக 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கும். அதுவரை மீனில்லாத் தொட்டியில் நாளும் ஒரு சிட்டிகைத் தீனி போட்டு வர வேண்டும். சோதனைத் துளிகளில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டிய பின்னரே மீன். பஞ்சைக் குழாய்நீரில் அலசினால் குளோரினில் அந்தப் பாக்டீரியாக்கள் மடியும்; தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுக. வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றினால் போதும். குளோரின் கலந்த நகர நீரானால், அதை நீக்கும் சொட்டுமருந்தைக் கலந்த பின்னரே ஊற்ற வேண்டும்.

மருத்துவர்களாகிய எங்களுக்குக் கவலை தருவது வேறொன்று. மைக்கோபாக்டீரியம் மரினம் என்னும் கிருமி காசநோய்க் கிருமியின் உறவினம்; மீன்தொட்டி நீரில் வாழ வல்லது. கையில் சிறு கீறல் இருந்தால் அதன் வழியே நுழையும். இரண்டு மூன்று வாரங்களிலோ சில மாதங்கள் கழித்தோ விரலிலோ புறங்கையிலோ வலி மிகாத கட்டியொன்று தோன்றும். சிலருக்கு அது முன்கை வழியே வரிசையாக மேலேறும். உடலின் உள்வெப்பத்தைவிடக் குளிர்ந்த இடத்தையே அக்கிருமி விரும்புவதால், பெரும்பாலும் கைகளோடு நின்றுவிடுகிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. பல மாதங்கள் மருந்து உட்கொண்டால் குணமாகும்.

சிக்கல், அதைக் கண்டுபிடிப்பதில் உள்ளது. தேயிலைத் தோட்டத்தில் உழைக்கும் கைகளில் கீறல் இயல்பு. கட்டியைக் கண்டால் முள் குத்தியது என்றே நோயாளியும் நினைப்பார், நாங்களும் நினைப்போம். வழக்கமான நுண்ணுயிர்க்கொல்லிகள் பயன் தராமல் மாதங்கள் கழியும். ஆய்வகத்தில் சதைத்துணுக்கை 37 பாகையில் மட்டும் வைத்து வளர்த்தால் கிருமி வெளிப்படாமலே போகலாம். 30 பாகையளவில் வளர்க்குமாறு நாங்கள் கேட்டு எழுத வேண்டும். வீட்டில் மீன்தொட்டி இருப்பதை நீங்கள் சொன்னாலன்றி எங்களுக்கு அவ்வாறு எழுதத் தோன்றாது. மாடு உண்டா, நாய் உண்டா என்று கேட்கும் நாங்கள் மீனைக் கேட்க மறந்துவிடுவதுண்டு. ஆறாத புண்ணோடு வருகிறவர்கள் தாமாகவே சொல்லிவிடுவது நல்லது.

புற்றுநோய் மருந்து பெறுவோர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர், ஸ்டீராய்டு நெடுநாள் உட்கொள்வோர், முடக்குவாதத்திற்கு நோயெதிர்ப்பைக் குறைக்கும் ஊசி போட்டுக்கொள்வோர் ஆகியோர் தொட்டிக்குள் கைவிடவே கூடாது. கட்டுக்கடங்காத சர்க்கரையோடு கையில் புண்ணும் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். இவர்கள் பார்க்கலாம், தீனி போடலாம். கழுவும் வேலை வீட்டில் உடல்நலமுள்ள மற்றொருவருடையது. அவரும் முழங்கை வரை நீளும் ரப்பர் கையுறை அணிந்து, பின்னர் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். குழாயை வாயால் உறிஞ்சி நீரிறைக்கும் பழக்கம் வேண்டாம். அழுக்குநீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டவும் வேண்டாம். செடிகளுக்கு அது நல்ல உரம். வயிற்றிலோ இதயத்திலோ அறுவை செய்துகொண்டவர், மருத்துவர் அனுமதிக்கும் வரை 20 லிட்டர் வாளியைத் தூக்கக் கூடாது. மீன் நோயுற்றால் உங்கள் மருந்துப் பெட்டியில் மிஞ்சிய மாத்திரையைத் தொட்டியில் கரைப்பதும் தவறு.

மார்கழி, தை இரவுகளில் கூடலூர் நீர் மீன்களுக்கு மிகக் குளிர்ந்துவிடும். 80 லிட்டருக்கு 100 வாட் வெப்பக்கருவி ஒன்றை வைத்து, நீரை 25 பாகையளவில் காக்க வேண்டும். கைவிடுவதற்கு முன் எல்லா மின்செருகிகளையும் பிடுங்கிவிடுக. வயர் சற்றுத் தாழ்ந்து தொங்கி, பின் மேலேறிச் செருகியை அடையுமாறு அமைத்தால் வழியும் நீர் செருகிக்குள் போகாது. மழைக்காலத்தில் மின்சாரம் மணிக்கணக்கில் நின்றுபோகும் ஊர் இது. மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றுக்கருவி ஒன்று கைவசம் இருக்கட்டும்.

வீட்டினர் எல்லோரும் மருத்துவமனையில் தங்க நேரும் நாட்களில் மீனை என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். நலமாக வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும். அண்டைவீட்டார் அன்பின் மிகுதியால் கொட்டும் தீனியே மீனைக் கொல்கிறது. கிழமைக்கோர் அறையாக மாத்திரை பிரித்துவைக்கும் பெட்டியில் பழையது ஒன்று கிடந்தால், அதைக் கழுவி உலர்த்தி, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று தீனியை அளந்துவைத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.