பெருமாள் திருத்தோளில் அம்பறாத்தூணி

எம்பெருமானுடைய பஞ்சாயுதங்களில் சார்ங்கம் எண்ணப்பெறுகிறது. அதனோடு இணைபிரியாத தூணி எண்ணப்பெறவில்லை. ஸ்ரீவிஷ்ணுபுராணம் முதல் அம்சத்தின் 22ஆம் அத்தியாயத்தில் ஸ்ரீபராசர மகரிஷி திவ்யாயுதங்களையும் ஆபரணங்களையும் தத்துவங்களாகக் காட்டியருளுகிறார். அங்கே அம்புகள் ஞானேந்திரிய கர்மேந்திரியங்கள் பத்துமாகின்றன; வாள் வித்யை, அதன் உறை அவித்யை. சுவாமி தேசிகன் இவ்வடைவைத் தமிழ்ப் பாசுரமொன்றில் அமைத்து, அத்திகிரிப் பேரருளாளன் திருமேனியில் இவை அனைத்தும் விளங்குவதாக முடிக்கிறார். வாளுக்கு உறை சொன்னவிடத்தில் அம்புக்குக் கூடு சொல்லப்படவில்லை. இது விடுபாடோ என்னில், அன்று. தூணியின் ஏற்றம் வெளியாகும் இடம் ஸ்ரீராமாயணமாகையாலே, அதனை அங்கே சென்று அறிய வேண்டும்.

தூணி என்பது நெடுங்குழல் வடிவான கூடு. மரத்தாலும் மூங்கிலாலும் அதனைச் செய்யலாமாயினும், முதுகில் சுமப்பதற்குத் தோலே ஏற்றது. பதனிட்ட தோலை மடித்து வாரால் தைத்து, வாய் சற்று அகன்றும் அடி குறுகியும் இருக்க அமைத்து, அடியில் தடித்த தோல்வட்டம் பொருத்துவர். மார்பின் குறுக்கே செல்லும் வார் அதனை முதுகோடு பிணிக்கும். அம்புகள் முனை கீழாகவும் இறகு மேலாகவும் நிற்கும். வில்லாளி தோளுக்கு மேலே கையைக் கொண்டுசென்று ஓர் அம்பை உருவி, அதே வீச்சில் நாணில் தொடுப்பான். திரும்பிப் பார்க்க வேண்டுவதில்லை. மெல்லிய தோல் முதுகின்மேல் தளர்ந்து படிந்து அம்புகளைத் தானே நெருக்கிப் பிடித்துக்கொள்வதால், குனியும்போது அவை சிந்துவதும் நடக்கும்போது ஒலிப்பதும் குறையும். வேட்டையாடுவோனுக்கு அவ்வொலி பெரும்பகை. மான் கேட்டு விலகிவிடும். ஆகவே கூட்டின் அடியில் கம்பளியோ மயிர்த்தோலோ இடும் வழக்கம் மேலைநாட்டு வில்வேட்டையாளரிடம் உண்டு. போர்வீரனுக்கோ அது குறையன்று. ரிக்வேதம் ஆறாம் மண்டலத்தின் 75ஆம் சூக்தம் போர்க்கருவிகளைத் துதிக்கையில், தூணியைப் பல மக்களையுடைய தந்தையென்றும், முதுகில் கட்டுண்டு களத்தில் ஒலியெழுப்பி வெல்வதென்றும் பேசுகிறது.

பாலகாண்டத்தின் 22ஆம் சர்க்கத்தில் விசுவாமித்திரர் பின்னே பெருமாளும் இளையபெருமாளும் எழுந்தருளும் கோலத்தை வால்மீகி பகவான் வருணிக்குமிடத்தில், இருவரும் மூன்று தலை நாகங்கள் போன்றிருந்தனர் என்கிறார். ஒரு திருமுடியுடையார்க்கு மூன்று தலை எங்ஙனே? இரு தோள்களுக்கும் மேலே எழுந்து நின்ற இரு தூணிகளும் திருமுடியோடு சேர்ந்து மூன்றாயின என்று கொண்டால் உவமை தெளிவாகிறது. தூணி இடையில் தொங்கியிருந்தால் இவ்வுவமை பிறவாது. ஆகவே பெருமாள் தரித்தவை முதுகுத் தூணிகள் என்பதும், அவை இரண்டு என்பதும் உவமையினாலேயே பெறப்படுகின்றன. அங்கேயே உடும்புத்தோலாலான விரற்காப்பும் சொல்லப்படுகிறது. உடும்பைக் குறிக்கும் கோதா என்னும் வடசொல்லே, வில்லாளியின் கைத்தோற்கட்டியைக் குறிக்கும் தமிழ்க் ‘கோதை’ ஆயிற்று. ‘புட்டில்’ என்ற சொல் அம்புக்கூட்டுக்கும் விரலுறைக்கும் பொதுவாய் நிற்பதும், இரண்டும் ஒரே தோல்வினைஞர் கைப்பட்டவை என்பதை நினைப்பிக்கிறது.

இனி, இத்தூணிகள் வந்த வழி. அயோத்தியா காண்டத்தின் 31ஆம் சர்க்கத்தில், உடன் வர இசைவு பெற்ற இளையபெருமாளிடம் பெருமாள் முதலில் இடும் பணிகளுள் ஒன்று, ஜனகருடைய யாகத்தில் வருணன் அளித்த விற்களையும் கவசங்களையும் அம்பு குறையாத் தூணிகளையும் கொண்டுவருதல். அவை இருந்த இடம் அரண்மனை ஆயுதசாலை அன்று. பூஜிக்கப்பட்டு ஆசாரியன் திருமாளிகையில் இருந்தன. ஆசாரியனிடமிருந்து, சேஷபூதன் கையாலே, ஸ்வாமியை அடைகிறது தூணி. பின்னர் ஆரணிய காண்டத்தில் அகத்தியர் வைஷ்ணவமான வில்லோடு, இந்திரன் தந்த அக்ஷயத் தூணிகளையும் சமர்ப்பிக்கிறார். அது முன்னம் விஷ்ணு அசுரரை வென்ற வில் என்று முனிவரே சொல்லுகையால், உடையவனுக்கு அவன் உடைமையைத் திருப்பிக் கொடுத்ததே அங்கு நிகழ்ந்தது. ஆத்மசமர்ப்பணத்துக்கும் இம்முறையே அன்றோ.

தமிழில் வழங்கும் ‘அம்பறாத்தூணி’ என்ற பெயர், அம்பு அறாத தூணி என விரியும். இந்த அறாமை தூணியின் இயல்போ, தரித்தவனுடைய பெருமையோ என்பது ஆராயத்தக்கது. காண்டவ தகனத்தின்போது அக்னியின் வேண்டுகோளால் வருணனிடமிருந்து அர்ஜுனன் பெற்றவையும் அக்ஷயத் தூணிகளே. பாரதப்போர் முழுவதும் அவை குறையவில்லை. கண்ணபிரான் தன்னடிச்சோதிக்கு எழுந்தருளிய பின்பு, துவாரகையிலிருந்து பெண்டிரை அழைத்துவரும் வழியில் ஆபீரர் தடிகொண்டு தாக்கியபோது, அவ்வம்புகள் தீர்ந்துபோயின. மௌஸல பருவமும் ஸ்ரீவிஷ்ணுபுராணத்தின் ஐந்தாம் அம்சமும் இதனை ஒருபடச் சொல்கின்றன. தூணி அதுவே, காண்டீவமும் அதுவே, எய்தவனும் அவனே. இல்லாமற்போனது சாரதியாய் நின்றவனுடைய சந்நிதி ஒன்றே. ஆகையால் அறாமை தோலுக்கும் உரியதன்று, வருணனுடைய வரத்துக்கும் உரியதன்று.

பெருமாள் விஷயத்தில் இதற்கு மறுதலை காணலாம். கிஷ்கிந்தையில் சுக்ரீவன் ஐயம் தீர எய்த ஓரம்பு ஏழு மராமரங்களையும் மலையையும் நிலத்தையும் ஊடுருவி, மீண்டு தூணியில் புகுந்தது. இராவணனை வீழ்த்திய அம்போ, குருதி தோய்ந்த மேனியோடு, காரியம் முடித்து, அடக்கமுடையதுபோலத் தன் தூணிக்குத் திரும்பியது என்கிறார் முனிவர். மூன்று உலகையும் நடுக்கியவனைக் கொன்ற அம்புக்கு அவ்வெற்றியில் பங்கு கோரும் எண்ணமில்லை. ஏவினால் செல்வதும், செய்தபின் ஸ்வாமியின் முதுகுப்புறத்தே ஒடுங்குவதுமே அதன் ஸ்வரூபம். பாரதந்த்ர்யத்துக்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு அரிது. ரிக்வேதம் சொன்ன தந்தை மக்கள் முறையும் இங்கே பொருந்துகிறது. அம்புகள் இந்திரியங்களாமிடத்து, அவை மீளும் கூட்டுக்குத் தனித் தத்துவம் சொல்லாதொழிந்ததன் கருத்தும் இதுவெனக் கொள்ளலாம். அவற்றுக்குப் புகலிடம் அவன் திருமேனியையொழிய வேறில்லை.

கோவிலம்பாக்கம், தாம்பரம் பகுதியிலுள்ளார்க்கு இதனைச் சேவித்து அனுபவிக்கத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தெற்கு நெடுஞ்சாலையில் செங்கற்பட்டைக் கடந்தால் மதுராந்தகம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏரி உடையவிருந்த மழையிரவில், வில்லேந்திய வீரர் இருவர் கரையைக் காத்து நிற்கக் கலெக்டர் லயனல் பிளேஸ் கண்டார் என்று வழங்கும் தலம் அது. உடையவர் பெரியநம்பிகளிடம் பஞ்சசம்ஸ்காரம் பெற்றதும், திருத்தோள்களில் சங்கு சக்கரப் பொறி ஒற்றிக்கொண்டதும் அங்கேயே. வேட்டைக் கோலத்தை நினைப்பார்க்குப் பாலாற்றங்கரைப் பழையசீவரம் உண்டு. கனுவன்று பேரருளாளன் பாரிவேட்டைக்கு எழுந்தருளுமிடம்.

உத்ஸவங்களில் சாத்தும் தூணி பெரும்பாலும் உலோகத்தாலான திருவாபரணம். தோல் அங்கு இடம்பெறுவதில்லை. அது சேவையாவதும் பின்னழகிலேயே. புறப்பாட்டில் திவ்யப்பிரபந்த கோஷ்டி முன்னே செல்ல, வேத கோஷ்டி பெருமாள் பின்னே வருகிறது. தூணியை முதுகில் கட்டியதாகப் பாடிய வேதத்தை ஓதுவார்க்கே, தூணி சாத்திய நாளில் அதன் சேவை வீதி முழுவதும் கிடைக்கிறது.